ரக்பியில் பந்து எப்போது வெளியே போகிறது? கோடு முதல் கொடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

விங்கர், அதாவது ஓரமாக ஓடும் ஆட்டக்காரர், பந்தோடு மூலையை நோக்கிப் பாய்கிறார். உடம்பு முழுக்கப் பக்கக்கோட்டைத் தாண்டி அந்தரத்தில் கிடக்கிறது, ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு பந்தைப் புல்லில் அழுத்துகிறது. புதிதாக ரக்பி பார்ப்பவர் "அவுட்!" என்று கத்துகிறார், நடுவரோ டிரை (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்திப் புள்ளி எடுப்பது) கொடுக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓரமாக ஓடி வருகிறார், பந்து நன்றாக உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அவருடைய பூட்ஸின் விளிம்பு வெள்ளைச் சுண்ணாம்பை லேசாக உரசிவிட்டது. கோட்டோரம் நிற்கும் உதவி நடுவரின் கொடி உயர்ந்துவிட்டது. அவுட்.

இரண்டுக்கும் ஒரே விதிதான். பந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை நாம் கால்பந்திலிருந்து கொண்டு வருகிறோம், ரக்பியில் அது உதவாது. இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: பந்தோ, பந்தைப் பிடித்திருப்பவரோ எதைத் தொட்டார்கள்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

நான் சொல்வது 15 பேர் ஆடும் ரக்பி யூனியனுக்கு. 7 பேர் ஆடும் செவன்ஸிலும் எல்லை விதிகள் பெரும்பாலும் இவைதான். ரக்பி லீக் வேறு விளையாட்டு, அதை இதோடு கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 1: முதலில் கோடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மைதானத்தின் நீளம், ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை, 94 முதல் 100 மீட்டர். அகலம் 68 முதல் 70 மீட்டர். கோல் கோட்டுக்குப் பின்னால் இன்-கோல் என்று ஒரு பகுதி இருக்கிறது, 6 முதல் 22 மீட்டர் ஆழம். டிரை அடிப்பது இதற்குள்தான். இன்-கோலின் கடைசிக் கோட்டுக்கு டெட் பால் லைன் என்று பெயர். பக்கவாட்டில் ஓடும் நீளக் கோடு டச்லைன், அதே கோடு இன்-கோலுக்குப் பக்கத்தில் போகும்போது டச்-இன்-கோல் லைன் ஆகிவிடும். பெயர் மாறுவது வெறும் அலங்காரம் இல்லை, அங்கே வெளியே போனால் ஆட்டம் தொடங்கும் முறையும் மாறும், அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது மிக முக்கியமான இடம். எந்தக் கோடு உள்ளே, எந்தக் கோடு வெளியே?

டச்லைன் வெளியே. டச்-இன்-கோல் லைனும் டெட் பால் லைனும் வெளியே. கோல் கோடு மட்டும் இன்-கோலைச் சேர்ந்தது, அதாவது தாக்கும் அணிக்குச் சாதகம், பந்தின் நுனி கோல் கோட்டின் மேல் பட்டாலே டிரை. கோல் கோட்டிலிருந்து 22 மீட்டர் தள்ளி இருக்கும் 22 மீட்டர் கோடும் அப்படித்தான், அது 22 பகுதிக்குள் அடக்கம், கோட்டில் கால் வைத்து நின்று உதைத்தாலும் "22-க்குள்ளிருந்து உதைத்தார்" என்றுதான் கணக்கு.

கால்பந்தில் கோடு மைதானத்தின் பகுதி, பந்து முழுசாகத் தாண்டினால்தான் வெளியே. ரக்பியில் பக்கக்கோடு நெருப்பு மாதிரி, பட்டாலே போச்சு. கிரிக்கெட்டில் பந்தோடு எல்லைக் கயிற்றைத் தொட்ட ஃபீல்டரை நினைத்துக்கொள்ளுங்கள், ரக்பியின் டச்லைன் அதற்குத்தான் நெருக்கம்.

மைதானத்தைச் சுற்றி 14 கொடிக்கம்பங்கள் நிற்கும். 22 மீட்டர் கோடுகளுக்கும் நடுக்கோட்டுக்கும் நேராக நிற்கும் 6 கம்பங்கள் டச்லைனுக்கு 2 மீட்டர் வெளியே இருக்கும், எனவே அவற்றைத் தொட்டால் வெளியே போனதாகத்தான் அர்த்தம். இன்-கோலின் மூலைகளில் நிற்கும் 8 கம்பங்களின் கதை வேறு. ஓடிவருபவர் மூலைக் கம்பத்தை இடித்துத் தள்ளினாலும், கோட்டையோ வெளித் தரையையோ தொடாதவரை ஆட்டம் தொடரும். ஒரு காலத்தில் மூலைக் கம்பத்தைத் தொட்டாலே அவுட், பழைய ஆட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு இதில் குழப்பம் வரும். ஆனால் பந்தைக் கம்பத்தின் மேலேயே அழுத்தி டிரை கேட்க முடியாது, அப்படிச் செய்தால் பந்து வெளியே.

கோல் கம்பங்கள் ஆட்டத்துக்குள்தான். பந்து அவற்றில் பட்டுத் திரும்பினால் விளையாடிக்கொண்டே இருக்கலாம். முன்பு கம்பத்தின் அடியில் சுற்றியிருக்கும் மெத்தையில் பந்தை அழுத்தினாலும் டிரை கிடைத்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள், நல்ல முடிவு என்பேன், ஏனென்றால் அந்த மெத்தையைத் தடுப்பவர்கள் முறையாகக் காக்கவே வழியில்லாமல் இருந்தது.

படி 2: "வெளியே" என்பதன் அர்த்தம்

விதி சுருக்கமானது. பந்து அல்லது பந்தைப் பிடித்திருப்பவர் டச்லைனையோ, அதற்கு அப்பால் இருக்கும் எதையாவதோ தொட்டால் பந்து டச்சில், அதாவது வெளியே, போய்விட்டது. "எதையாவது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: தரை, விளம்பரப் பலகை, புகைப்படக்காரர், தண்ணீர் பாட்டில், மாற்று ஆட்டக்காரரின் முழங்கால், எல்லாம் இதில் வரும்.

இதிலிருந்து சில விஷயங்கள் தானாகக் கிடைக்கின்றன. பந்தைப் பிடித்திருப்பவர் கோட்டுக்கு மேலே காற்றில் இருக்கலாம், தப்பில்லை. பந்தை மட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி ஓடலாம், அதுவும் தப்பில்லை. பந்து கையில் இல்லாதவர் வெளியே நிற்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் பந்து வைத்திருப்பவரின் முழங்கை, முட்டி, விரல் நுனி, எது கோட்டில் பட்டாலும் முடிந்தது.

படி 3: கோட்டிலிருந்து எழும் கண்ணாடிச் சுவர்

குழப்பம் தொடங்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

டச்லைனிலிருந்து நேர் மேலே ஒரு கண்ணாடிச் சுவர் எழும்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து அந்தச் சுவரைக் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் அது வெளியே ஆகாது. காற்று அதைத் திருப்பி உள்ளே தள்ளி, எதையும் தொடாமல் மைதானத்துக்குள் விழுந்தால் ஆட்டம் தொடரும். நான் முதன்முதலாகக் கோட்டோரம் கொடி பிடித்த ஒரு நட்பு ஆட்டத்தில் இதைத்தான் சொதப்பினேன். பந்து என் தலைக்கு மேலே வெளியே போனது, நான் கொடியைத் தூக்கினேன், அது வளைந்து உள்ளே வந்து விழுந்தது. இரண்டு அணியும் என் கொடியைப் பார்த்து நின்றுவிட்டன. அன்று கேட்ட ஏச்சை இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் சுவர் எதற்கு? வெளியே நிற்பவர் பந்தைத் தொடும்போதுதான் அது கணக்கில் வருகிறது.

ஒருவர் வெளியே கால் வைத்து நிற்கிறார், சுவரைத் தொட்டுவிட்ட அல்லது கடந்துவிட்ட பந்தைப் பிடிக்கிறார். பந்து டச்சில் போனது, உதைத்தவர்தான் வெளியே அனுப்பினார். அதே ஆள் அதே இடத்தில் நின்றுகொண்டு, சுவரை இன்னும் எட்டாத பந்தைக் கையை உள்ளே நீட்டிப் பிடிக்கிறார் அல்லது தரையிலிருந்து எடுக்கிறார். இப்போதும் பந்து டச்தான், ஆனால் வெளியே கொண்டுபோனவர் அவரே. பந்தை மறுபடி உள்ளே எறியும் உரிமை எதிரணிக்குப் போய்விடும். முன்பு சிலர் உருண்டு வரும் பந்தை ஒரு காலை வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு எடுத்து, "உதைத்தவர்தான் வெளியே அனுப்பினார்" என்று லைன்அவுட்டை (வெளியே போன பந்தை இரண்டு அணி வரிசைகளுக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் முறை) தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் 2017-க்குப் பிறகு செல்லாது.

வெளியே நிற்பவர் பந்தைப் பிடிக்காமல், சுவரை எட்டாத பந்தைத் தட்டியோ உதைத்தோ உள்ளே அனுப்பினால் ஆட்டம் தொடரும். பிடிப்பதற்கும் தட்டுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள்தான் கோட்டோரம் அதிகம் சண்டை போடுகிறார்கள்.

சரி, தாவினால்? உள்ளேயிருந்து தாவி, சுவருக்கு வெளியே போன பந்தைக் காற்றிலேயே தட்டி அல்லது பிடித்து வீசி உள்ளே திருப்பிவிட்டு, பிறகு வெளியே விழுந்தால் பந்து டச் இல்லை. தாவிப் பிடித்து உள்ளே வந்து இறங்கினாலும் டச் இல்லை, வெளியே நின்ற இடத்திலிருந்து தாவியிருந்தாலும் சரி. கால் எங்கிருந்து கிளம்பியது என்பதைவிட எங்கே இறங்கியது என்பதுதான் அங்கே முக்கியம்.

படி 4: யாருக்கு எறியும் உரிமை

பொது விதி எளிது. பந்தை வெளியே அனுப்பிய அல்லது கொண்டுபோன அணிக்கு எதிரணி எறியும்.

எதிரணி விதியை மீறினால் கிடைக்கும் பெனால்டி இதற்கு ஒரு விதிவிலக்கு. பெனால்டி கிடைத்த அணி பந்தை நேராக வெளியே உதைத்தால், எறியும் உரிமையும் அவர்களுக்கே. அதனால்தான் எதிரணியின் கோல் கோட்டுக்கு 5 மீட்டர் பக்கத்தில் மூலையைப் பார்த்து உதைக்கிறார்கள், கிடைப்பது பந்தும் இடமும் சேர்ந்த வரம். ஆனால் பேராசைப்பட்டு அதிக தூரம் உதைத்து, பந்து டச்லைனுக்குப் பதிலாக டச்-இன்-கோலில் போனால் வரம் பறிபோகும். தடுக்கும் அணி 22-இலிருந்து டிராப்-அவுட் (பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) எடுக்கலாம், அல்லது உதைத்த இடத்திலேயே ஸ்க்ரம் (இரு அணியின் முன்கள ஆட்டக்காரர்கள் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) கேட்கலாம். ஒரு கொடிக்கம்பத்துக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதில் ஆட்டமே புரண்டுவிடும். சிறிய தவறுகளுக்குக் கிடைக்கும் ஃப்ரீ கிக்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு விதிவிலக்கு 50:22, கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

பந்து ஒருவரின் கையில் பட்டு முன்னால் நழுவி, அப்படியே வெளியே போய்விட்டால் எதிரணிக்குத் தேர்வு உண்டு: நழுவிய இடத்தில் ஸ்க்ரம், அல்லது வெளியே போன இடத்தில் லைன்அவுட்.

படி 5: எந்த இடத்திலிருந்து எறிவது

ரக்பியின் உதை உத்திகளில் பாதி இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

பந்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனால், அல்லது தள்ளப்பட்டால், போன இடத்தில்தான் லைன்அவுட். பந்து மைதானத்துக்குள் ஒரு முறையாவது குத்தியெழுந்து வெளியே போனாலும் வெளியே போன இடம்தான், எங்கிருந்து உதைத்தாலும் சரி.

பந்து குத்தாமல் நேராக வெளியே போனால், உதைத்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். சொந்த 22-க்குள் நின்றாரா? வெளியே போன இடத்தில் லைன்அவுட், அத்தனை மீட்டரும் லாபம். 22-க்கு வெளியே நின்றாரா? அப்படியானால் உதைத்த இடத்துக்கு நேராகத் திரும்பி வர வேண்டும், ஒரு மீட்டர்கூட லாபமில்லை, எறிவதும் எதிரணி. பந்து பின்னோக்கிப் போய் வெளியே விழுந்திருந்தால் மட்டும் அது விழுந்த இடமே.

இதில் ஒரு பொறி உண்டு. அணி தானே பந்தை 22-க்குள் கொண்டுபோயிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. 30 மீட்டரில் நிற்பவர் பின்னால் 22-க்குள் இருக்கும் தோழனுக்குப் பந்தை எறிகிறார், தோழன் உடனே நேராக வெளியே உதைக்கிறார்: லாபம் பூஜ்யம். ஆனால் 22-க்குள் வந்த பிறகு அங்கே ஒரு டாக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது), ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே நின்று தள்ளுவது) அல்லது மால் (பந்தோடு நிற்பவரைச் சுற்றி நின்று தள்ளுவது) நடந்தாலோ, எதிரணியின் கை பட்டாலோ கணக்கு புதிதாகத் தொடங்கும், அதன்பின் உதைத்தால் லாபம் உண்டு. அணிகள் 22-க்குள் பந்தோடு ஒருமுறை வேண்டுமென்றே விழுந்து எழுந்து, பிறகு உதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனமில்லை, இந்த விதிக்காகத்தான்.

இப்போது 50:22. சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து, உள்ளே குத்தி, எதிரணியின் 22-க்குள் வெளியே போனால், உதைத்த அணியே எறியும். பந்தை எதிரணிப் பாதியிலிருந்து பின்னால் எறிந்து சொந்தப் பாதிக்குள் கொண்டுவந்து உடனே உதைத்தால் செல்லாது. 2021-இல் உலகம் முழுக்கச் சோதனையாக வந்து பிறகு நிலைத்துவிட்டது. ரக்பி லீகில் முன்பே இருந்த 40/20 விதியின் உறவுக்காரன் இது. நோக்கம் எளிது: பின்னால் உள்ள மூலைகளைக் காக்க ஆட்கள் இறங்கி நின்றால், முன் வரிசையில் இடம் திறக்கும், ஓட்டம் கூடும். அந்த விதி வந்த பிறகு பின்களத்தில் நிற்பவர்களின் தலைவலி கூடியது என்னவோ உண்மை.

கிக்-ஆஃப் நேராக வெளியே போனால் எதிரணிக்குப் பல தேர்வுகள்: மறுபடி உதைக்கச் சொல்லலாம், நடுவில் ஸ்க்ரம் கேட்கலாம், நடுக்கோட்டில் லைன்அவுட் எடுக்கலாம். பெரும்பாலான அணிகள் ஸ்க்ரம்மைத்தான் எடுக்கின்றன.

எப்படியானாலும் கோல் கோட்டுக்கு 5 மீட்டருக்குள் லைன்அவுட் நடக்காது. பந்து ஒரு மீட்டர் தள்ளி வெளியே போயிருந்தாலும் 5 மீட்டர் குறிக்கு இழுத்து வருவார்கள்.

லைன்அவுட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு அணியிலும் குறைந்தது 2 பேர், டச்லைனிலிருந்து 5 மீட்டர் கோட்டுக்கும் 15 மீட்டர் கோட்டுக்கும் இடையில் நிற்பார்கள், இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, பந்து அந்த இடைவெளியில் நேராக வர வேண்டும். எத்தனை பேர் என்பதை எறியும் அணி முடிவு செய்யும்.

படி 6: குவிக் த்ரோ, அதாவது காத்திருக்காமல் எறிவது

லைன்அவுட் உருவாவதற்குள் ஓடிப்போய் பந்தை எடுத்து எறிந்துவிடலாம். எதிரணி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது அழகான ஆயுதம், ஆனால் நிபந்தனைகள் நிறைய. அதே பந்தாக இருக்க வேண்டும். எறிபவரையும், அதை வெளியே கொண்டுபோன எதிரணி ஆளையும் தவிர வேறு யாரும் தொட்டிருக்கக் கூடாது, பந்து பொறுக்கும் பையன் எடுத்துக்கொடுத்தால்கூட உரிமை போய்விடும். வெளியே போன குறிக்கும் சொந்தக் கோல் கோட்டுக்கும் இடையில் எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம். நேராக அல்லது சொந்தப் பக்கம் நோக்கிப் பின்னால் எறியலாம், முன்னால் கூடாது. பந்து 5 மீட்டர் கோட்டை எட்ட வேண்டும்.

பந்தோடு வெளியே தள்ளப்பட்டவர் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டு நேரம் கடத்தினால் பெனால்டி. தோல்வி முகத்தோடு பந்தைக் கூட்டத்துக்குள் வீசுகிறவர்களையும் நடுவர்கள் விடுவதில்லை.

படி 7: கோல் கோட்டுக்குப் பின்னால்

இன்-கோலில் ஒரு தனி உலகம் இருக்கிறது. பந்தைக் கையில் வைத்திருந்தால் தரையில் வைக்க வேண்டும், கீழே கிடக்கும் பந்தானால் கையாலோ, இடுப்பிலிருந்து கழுத்து வரையிலான முன்னுடம்பாலோ அழுத்த வேண்டும். அந்தக் கணம் வரை பந்து வைத்திருப்பவர் பக்கக்கோட்டையோ வெளியே இருக்கும் எதையுமோ தொடாதிருந்தால் போதும், நான் முதலில் சொன்ன விங்கர் அப்படித்தான் தப்பித்தார். இன்னும் விசித்திரமானது ஒன்று: வெளியே நின்றுகொண்டிருக்கும் ஆட்டக்காரர்கூட, பந்தைத் தூக்காமல், இன்-கோலுக்குள் கிடக்கும் பந்தைக் கையால் அழுத்தினால் டிரை. அவர் பந்தைப் பிடித்திருக்கவில்லை அல்லவா, அதனால் பந்து வெளியே போகவில்லை. முதல் கேள்விக்குத் திரும்பிப் பாருங்கள், பொருந்தும்.

டிரை ஆகாமல் பந்து செத்துப்போனால், அதாவது ஆட்டத்திலிருந்து விலகிவிட்டால், எப்படி மறுபடி தொடங்குவது என்பதில்தான் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் தவிக்கிறார்கள். "பந்தை உள்ளே கொண்டுவந்தது யார்?" என்று கேளுங்கள்.

தடுக்கும் அணியே பந்தைத் தன் இன்-கோலுக்குள் எடுத்துப்போய் அழுத்தினாலோ, வெளியே தள்ளினாலோ தாக்கும் அணிக்கு 5 மீட்டரில் ஸ்க்ரம். தாக்குபவர் பந்தோடு உள்ளே நுழைந்து, தரையில் வைக்க முடியாதபடி தூக்கிப் பிடிக்கப்பட்டால் கோல்லைன் டிராப்-அவுட்: தடுக்கும் அணி தன் கோல் கோட்டிலிருந்தோ அதற்குப் பின்னாலிருந்தோ உதைக்கும். தாக்கும் அணி உதைத்த பந்தைத் தடுப்பவர் இன்-கோலில் அழுத்தினாலும், தாக்குபவர் இன்-கோலில் பந்தை முன்னால் நழுவவிட்டாலும் அதேதான். இதுவும் 2021-இல் வந்தது, அதற்கு முன் தூக்கிப் பிடிக்கப்பட்டால் தாக்கும் அணிக்கே 5 மீட்டர் ஸ்க்ரம் கிடைத்தது. தாக்குபவர் பந்தோடு டச்-இன்-கோலில் தள்ளப்பட்டால் 22-இலிருந்து டிராப்-அவுட். கோலை நோக்கி உதைத்துத் தவறிய பெனால்டியும் டிராப் கோலும் (பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) செத்தால் அதுவும் 22. பொதுவான உதை ஒன்று யாரும் தொடாமல் டெட் பால் லைனைத் தாண்டினால், மூலையைத் தவறவிட்ட பெனால்டிக்குச் சொன்ன அதே தேர்வு தடுக்கும் அணிக்கு.

படி 8: கடிகாரம் நின்ற பிறகு

80 நிமிடம் முடிந்ததும் ஆட்டம் தானாக நிற்காது, பந்து அடுத்த முறை செத்தால்தான் நிற்கும். முன்னிலையில் இருக்கும் அணிக்குப் பக்கக்கோடு அப்போதுதான் உயிர்த் தோழன். 2003 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஜானி வில்கின்சனின் டிராப் கோலில் இங்கிலாந்து 20-17 என்று முந்தியது. அதன்பின் பந்து கைக்கு வந்ததும் மைக் கேட் செய்தது ஒரே வேலை, பந்தை வெளியே உதைத்தார், கோப்பை முடிவானது.

ஆனால் பெனால்டியை வெளியே உதைத்தால் ஆட்டம் முடியாது, அந்த லைன்அவுட் நடந்தே தீரும். பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்ததும் தயங்காமல் மூலைக்கு உதைப்பது அதனால்தான். முன்னிலையில் இருக்கும் அணிக்கு அந்த நேரத்தில் பெனால்டி கிடைத்தால் முதலில் பந்தைக் காலால் லேசாகத் தட்டி எடுத்துக்கொண்டு, பிறகு வெளியே உதைப்பார்கள். தட்டிவிட்டால் அது சாதாரண உதை, பந்து வெளியே போன உடனே நடுவர் விசில் ஊதிவிடலாம். அவசரத்தில் தட்ட மறந்து நேராக வெளியே உதைத்துவிட்டுக் கையை உயர்த்திக் கொண்டாடத் தொடங்குபவரைத் தோழர்கள் இழுத்துக்கொண்டு வந்து லைன்அவுட் வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கும்.